வழி தெரிந்தும் கேட்பவர்

உங்களைப் பற்றி எழுதப் போகிறேன், பெயரைப் போடலாமா என்று போனில் கேட்டேன். "எழுதிக்கோ. பேரு வேணாம்" என்றார். ஏன் என்று கேட்க வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். ஒருவர் வேண்டாம் என்று சொன்னால் காரணம் கேட்டு நச்சரிக்கக் கூடாது என்பது அவரோடு வேலை பார்த்த காலத்தில் எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம். அதனால் இங்கே அவர் வெறும் அக்காதான். ஆபீஸிலும் எல்லோருக்கும் அப்படித்தான். அவரைவிட வயதில் மூத்த எங்கள் சாரே அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

ஆபீஸ் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டு அறை. சார் நடத்திய சின்ன அறக்கட்டளை அது. கோவளத்திலிருந்து தெற்கே, கடலை விட்டு விலகாமல், ஊர் ஊராகத் தங்கிப் பல நாள் நடந்து போகிற மாதிரி ஒரு வழியை உண்டாக்குவதுதான் வேலை. சிமென்ட் கிடையாது, கைப்பிடிச் சுவர் கிடையாது, மணல்தான் வழி. இடையில் வருகிற மீனவர் ஊர்களில் சாப்பாடும் படுக்க இடமும் அந்த ஊர்ப் பெண்களே ஏற்பாடு செய்வார்கள், கூட நடந்து வர ஊரிலிருந்தே ஒருவர் வருவார், வருமானம் ஊருக்கே போகும். ஊர்க்காரர்கள் சேர்ந்து செய்தால்தான் இந்த வழி நிற்கும் என்று சார் எல்லாக் கூட்டத்திலும் சொல்வார். அந்த ஊர்க்காரர்களிடம் போய்ப் பேசுவது அக்காவின் வேலை. மேப் போடுவது என் வேலை.

நான் புவியியல் படித்தவள். குழந்தை பிறந்ததும் பழைய வேலையை விட்டுவிட்டு, அவள் தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்த பிறகு இங்கே சேர்ந்தேன். வீடு முடிச்சூரில். கணவருக்கு நாவலூரில் ஐ.டி. வேலை. குழந்தையை மாமியார் பார்த்துக்கொண்டார். பார்த்துக்கொண்டார் என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டேனே தவிர, பஸ்ஸில் ஏறியதிலிருந்து திரும்ப வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்வரை எனக்கு மனசு ஒரு இடத்தில் நிற்காது. சாப்பிட்டிருப்பாளா, பால்கனிக் கதவைச் சாத்தினேனா, போன் சைலன்ட்டில் இருக்கிறதா என்று வழியெல்லாம் அதே யோசனை. ஐப்பசியில் நாலு தூறல் போட்டால் போதும், எங்கள் பக்கத்துக்காரர்கள் எல்லோரும் தெருமுனை வரை போய்த் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு வருவார்கள். நான் போனில் மழை மேப்பையும் சேர்த்துப் பார்ப்பேன்.

அக்காவோடு முதன்முதலில் கோவளம் போன நாள் நன்றாக நினைவிருக்கிறது. கேளம்பாக்கத்தில் இறங்கியதும் டீக்கடைக்காரரிடம் போய், "அண்ணா, கோவளம் பஸ் எங்க நிக்கும்?" என்று கேட்டார். ஏறியதும் கண்டக்டரிடம் ஸ்டாப் வந்தால் சொல்லச் சொன்னார். இறங்கியதும் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் கடற்கரைக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று விசாரித்தார். கடல் இரைச்சல் எங்கள் மூன்று பேருக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. என் கையிலிருந்த போனில் நாங்கள் நிற்கிற இடம் நீலப் புள்ளியாக மின்னிக்கொண்டிருந்தது. பாவம், இவருக்கு இந்தப் பக்கம் பழக்கமில்லை போல என்று நினைத்தேன். அந்தப் பூக்காரப் பெண் வழியையும் சொல்லி, எங்கிருந்து வருகிறோம், யாரைப் பார்க்க வந்தோம், சாப்பிட்டோமா என்று எல்லாம் கேட்டு முடிக்கிற வரைக்கும் அக்கா வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

திரும்பி வரும்போதுதான் சொன்னார், அவருடைய சித்தி வீடு அதே ஊர்தானாம், சின்ன வயதிலிருந்து வந்துபோகிற இடமாம். எனக்குச் சுருக்கென்றது. அப்புறம் எதற்கு அத்தனை பேரிடமும் கேட்டீர்கள் என்றேன்.

"எனக்குத் தெரியும்தான். நாம வந்திருக்கோம்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?"

இதில் என்ன இருக்கிறது என்று எனக்கு அன்று புரியவில்லை. வீட்டுக்குப் போக நேரமாகிறதே என்பதுதான் மனசில் இருந்தது. எனக்கு வழி கேட்பதென்றால் வியர்த்துவிடும். தப்பான பஸ்ஸில் ஏறி, தப்பு என்று தெரிந்த பிறகும் பக்கத்து சீட்டில் கேட்காமல் அடுத்த ஸ்டாப் வரை உட்கார்ந்தே போயிருக்கிறேன்.

ஆபீஸுக்கு வருவதற்கு முன்னால் அக்கா இன்சூரன்ஸ் ஏஜென்ட்டாக இருந்தார். சேலையூர், மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் என்று அவர் படியேறாத அபார்ட்மென்ட் இல்லை. அதனாலேயே அவரோடு தெருவில் நடந்தால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். எதிரே வருகிறவர்கள் திடீரென்று செருப்புவாரைச் சரிசெய்யக் குனிவார்கள், போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள். ஒருநாள் ஒரு சார் மருந்துக்கடைக்குள் நுழைந்து, எங்களைப் பார்த்துக்கொண்டே, ஒன்றும் வாங்காமல் நின்றார். அக்கா தலையைத் திருப்பாமல் என்னிடம் சொன்னார்: "பாவம், போயிடலாம் வா. இல்லாட்டி அந்த மனுஷன் தேவையில்லாம இருமல் மருந்து வாங்கிடுவாரு."

அந்த வேலையில் அவருக்குக் கோபம் வந்தது ஒரு விதமான ஆட்களிடம் மட்டும்தானாம். முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொன்னவர்கள் மேல் அவருக்கு மரியாதை உண்டு. பண்டிகைக்கு அவர்கள் வீட்டுக்குப் பலகாரம்கூட அனுப்புவார். அடுத்த வாரம் வாங்க, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று இழுத்தடித்தவர்களைத்தான் தாங்க முடியாது. இல்லை என்று சொல்ல அவர்களுக்கு ஏன் இவ்வளவு பயம் என்று அவர் நிஜமாகவே யோசித்திருக்கிறார். கேட்கிறவர் முகத்தைப் பார்த்தால் சொல்ல முடியாமல் போய்விடுகிறது போல, நம் முகத்தில்தான் ஏதோ கோளாறு என்பார். அதற்குப் பிறகு கேள்வி கேட்டுவிட்டு முகத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வதைப் பழக்கமாக்கிக்கொண்டார். முதலில் அதைத் திமிர் என்று நினைத்தவர்களில் நானும் ஒருத்தி.

ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்று என் மகளிடம், "பாப்பா, தூக்கிக்கட்டுமா?" என்று கேட்டார். அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். யாராக இருந்தாலும், "அதெல்லாம் இல்ல, ஆன்ட்டிகிட்ட வா" என்று அள்ளித் தூக்கிவிடுவார்கள், அவள் அலறுவாள், நாங்கள் எல்லோரும் சிரிப்போம். அக்கா சரி என்று சொல்லிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். கிளம்புகிறவரை தூக்கவே இல்லை. குழந்தை ஏமாற்றத்தோடு அவர் காலையே சுற்றிச் சுற்றி வந்தது.

அதோடு நிற்கவில்லை. காபி கொண்டுவந்த என் மாமியாரிடம், பகல் முழுக்கக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது உங்களுக்குச் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமியார் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். இந்தக் கேள்வியை நானோ என் கணவரோ அவரிடம் கேட்டதில்லை. பதில் சரியில்லாமல் போனால் என்ன செய்வது என்ற பயத்தில்தான் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். மாமியார் டம்ளரை வைத்துவிட்டு, "செவ்வாக்கிழமை மட்டும் முடியல. குன்றத்தூருக்குப் போயிட்டிருந்தேன். இவ வேலைக்குப் போனதுலேருந்து போகல" என்றார். மலை ஏறிக் கும்பிட்டு எவ்வளவு நாளாயிற்று என்று அக்காவிடம்தான் சொன்னார், என்னிடம் இல்லை. அன்று ராத்திரி எனக்கு அக்கா மேல் கோபம்தான் வந்தது. அடுத்த வாரத்திலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் குழந்தை என்னோடு ஆபீஸுக்கு வந்தது. கோபம் எப்போது போயிற்று என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

கடற்கரையில் அவரோடு நடப்பது ஒரு தனிச் சோதனை. ஜி.பி.எஸ்ஸை ஓடவிட்டுக் கடலோரமாக நேரே நடந்தால் எனக்கு வேலை முடிந்துவிடும். அக்கா நேரே நடக்க மாட்டார். வலை விரித்திருந்தால் தாண்டக் கூடாது, செருப்போடு பக்கத்தில்கூடப் போகக் கூடாது என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வலையைச் சுற்றி வருவார். நெத்திலி காயப்போட்டிருக்கிற பெண்ணிடம், இப்படிப் போனால் மணல் தெறிக்குமா என்று கேட்பார். படகு நிழலில் சீட்டாடிக்கொண்டிருப்பவர்களிடமும் கேட்பார், அவர்கள் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் வீசுவார்கள். என் மேப்பில் அந்தக் கோடு புழு நெளிந்த மாதிரி வரும். சார் அதைப் பார்த்துவிட்டு, எதற்கு இங்கே இத்தனை வளைவு என்று கேட்பார். வலை என்று நான் சொல்வேன். நாளைக்கு வலை அங்கே இருக்காதே என்பார் சார். அதுவும் நியாயம்தான். இரண்டு பேர் சொல்வதும் எனக்கு நியாயமாகவே படும், அதுதான் என் தொந்தரவு.

இப்படிக் கேட்டுக் கேட்டுப் போனவரே ஒரு ஊரில் கோட்டைவிட்டார். அந்த ஊரின் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. இந்தக் கட்டுரையில் போடலாமா என்று அவர்களைக் கேட்கவில்லை.

கோவளத்துக்குத் தெற்கே உள்ள சின்னக் குப்பம் அது. வழி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று நடப்பவர்களுக்குத் தெரிவதற்காக, ஒவ்வொரு ஊரிலும் சந்து முனைகளில் மஞ்சள் பெயின்ட்டில் சின்ன அம்புக்குறி போட்டுக்கொண்டு வந்தோம். இங்கும் அக்கா ஊர்ப் பஞ்சாயத்தாரைப் பார்த்துப் பேசினார். வலை பின்னிக்கொண்டிருந்த ஆண்கள் எல்லோரிடமும் பேசினார். எந்தச் சுவரில் போடலாம் என்று அவர்களே கூட வந்து காட்டினார்கள். ஒருவர் பெயின்ட் டப்பாவைக்கூடப் பிடித்துக்கொண்டார். டீ குடித்துவிட்டுத் திருப்தியாக வந்தோம்.

மறுநாள் காலையில் பஞ்சாயத்தாரிடமிருந்து அக்காவுக்கு போன். எங்கள் அம்புகள் அத்தனையும் அழிந்துவிட்டன. படகுக்கு அடிக்கிற நீலப் பெயின்ட்டை எடுத்துவந்து, பெண்கள் ஒவ்வொரு அம்பின் மேலும் பட்டை பட்டையாகப் பூசிவிட்டார்களாம்.

நடந்தது இதுதான். அந்த ஊர்ப் பெண்களில் பெரும்பாலோர் விடியற்காலையிலேயே மீன் கூடையோடு கிளம்பிவிடுவார்கள். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று மார்க்கெட்களில் உட்கார்ந்து விற்றுவிட்டுப் பொழுது சாயத்தான் திரும்புவார்கள். நாங்கள் பகலில் போய், பகலில் பேசி, பகலிலேயே வந்துவிட்டோம். அவர்கள் வந்து பார்த்தால் வீட்டுச் சுவரில் பெயின்ட் குறி. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். அளந்துவிட்டார்கள், குறி போட்டுவிட்டார்கள், அடுத்து வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். அவர்கள் சொந்தக்காரர்கள் சிலருக்கு அப்படி நடந்திருக்கிறது. ஆண்கள் எவ்வளவு சொல்லியும் அந்த ராத்திரி அங்கே யாரும் நிம்மதியாகத் தூங்கவில்லையாம்.

அக்கா போனை வைத்துவிட்டு, "ஊரைக் கேட்டேன்னு நினைச்சிட்டிருந்தேன். பாதி ஊரு இங்க தாம்பரத்துல உக்காந்திருக்கு" என்றார். உடனே படியிறங்கினார். நானும் பின்னாலேயே போனேன்.

மார்க்கெட்டில் அந்த ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர், கன்னியம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள், அவர்தான் அவர்களுக்குத் தலைவி மாதிரி. அரிவாள்மனையில் சங்கரா மீனைச் செதில் எடுத்துக்கொண்டே எங்களை நிமிர்ந்து பார்த்தார். யார் என்று சொன்னதும் கை நின்றது.

"ஓ, பெயின்ட்டுக்காரிங்களா? இன்னாத்துக்கு வந்தீங்க? மீனு வாங்கவா, பேஜார் பண்ணவா?"

அக்கா, இங்கே உட்காரலாமா என்று கேட்டார். வியாபாரத்தை மறைக்காமல் உட்காரு என்று பதில் வந்தது. அன்னக்கூடைகளுக்குப் பின்னால், ஈரத் தரையில், புடவையைச் சுருட்டிக்கொண்டு அக்கா உட்கார்ந்தார். முதலில், உங்களைக் கேட்காமல் உங்கள் சுவரில் பெயின்ட் அடித்தது தப்பு என்றார். பிறகு, இது அரசாங்க வேலை இல்லை, நடக்கிறவர்களுக்கான வழி, சமையல், வருமானம் என்று எல்லாவற்றையும் வியாபாரத்துக்கு நடுவே துண்டு துண்டாகச் சொன்னார். வாங்க வருகிறவர்கள் வந்தால் நிறுத்திக்கொள்வார். அவர்கள் போனதும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பார். கன்னியம்மா முழுவதும் கேட்டார். பக்கத்துக் கூடைக்காரப் பெண்களோடு தாழ்ந்த குரலில் பேசினார். கடைசியில் சொன்னார்:

"நீ நல்லதுக்குத்தான் சொல்ற, இல்லன்னு சொல்லல. ஆனா இன்னிக்கி நீ அம்பு போடுவ. நாளைக்கி நாலு பேர் நடக்கறான்னு ஒருத்தன் ரோடு போடுவான். ரோடு வந்தா ஓட்டல் வரும். ஓட்டல் வந்தா இங்க இன்னாத்துக்கு வூடுன்னு கேப்பான். எங்க ஊருக்குள்ள வழி வேணாம்."

அக்கா முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு, "எல்லாரும் அப்படித்தான் நினைக்கறீங்களா?" என்று கேட்டார். மற்றவர்கள் ஆமாம் என்றார்கள்.

"சரி" என்று எழுந்துவிட்டார்.

நான் திகைத்துப்போனேன். பதில் சொல்ல எனக்கே பத்து விஷயங்கள் தோன்றின. வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். அக்கா காது கொடுத்துக் கேட்டார். ஆனால் திரும்பிப் போகவில்லை. அந்தப் பெண்கள்கூடக் கொஞ்சம் ஏமாந்துபோன மாதிரிதான் இருந்தார்கள். சண்டைக்குத் தயாராக இருந்தவர்கள்.

ஆபீஸில் சார் தலையில் கையை வைத்துக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை அவர். அறக்கட்டளைக்குப் பண உதவி செய்கிறவர்களிடம் ஆரம்பம் முதல் முடிவு வரை அறுபடாத வழி என்று சொல்லி வைத்திருந்தார். நடுவில் ஓர் ஊர் விட்டுப்போனால் அவர்களுக்கு என்ன பதில் சொல்வது? அக்காவை உட்காரவைத்துப் பொறுமையாகத்தான் பேசினார். நாலு தடவை போய்ப் பேசுங்கள், மனசு மாறும், அதற்குத்தானே உங்களை வைத்திருக்கிறோம் என்றார்.

"சார், அவங்க சரின்னு சொல்ற வரைக்கும் போய் நின்னா, அப்புறம் நான் கேக்கறேன்னு எப்படிச் சொல்றது? அதுக்கு முதல்லயே அம்பைப் போட்டுட்டு வந்திருக்கலாம்."

அப்படியென்றால் இந்தப் பகுதியை வேறு யாரிடமாவது கொடுக்க வேண்டியிருக்கும் என்று சார் சொன்னார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். அக்காவுக்கு அந்த வேலையை விட்டால் மறுபடி படியேறி இன்சூரன்ஸ் கேட்க வேண்டியதுதான், அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். யோசித்து முடிவு பண்ணுங்கள் சார் என்று சொல்லிவிட்டு அவர் தன் மேஜைக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் சார் என்னைக் கூப்பிட்டார். மேப்பில் அந்த ஊர் வழியாக மெல்லிசாக ஒரு புள்ளிக்கோடு மட்டும் போட்டுவிடு, எதிர்காலத்தில் சேரலாம் என்று அர்த்தம், அதில் பொய் இல்லையே என்றார். பொய் இல்லைதான். தலையாட்டிவிட்டு வந்தேன். புள்ளிக்கோட்டோடு ஒன்று, இடைவெளியோடு ஒன்று என்று இரண்டு மேப் தயார் செய்தேன். எதை அனுப்புவது என்று இரண்டு நாள் திறந்து திறந்து மூடினேன். மூன்றாவது நாள் இரண்டையும் அக்காவிடம் காட்டி, எது சரி என்றேன். அவர் இரண்டையும் பார்த்தார். "எனக்குத் தெரியல. அவங்க ஊரு, அவங்ககிட்ட காட்டலாமா?" என்றார். அவர்கள் சொன்னபடி போட்டிருக்கிற மேப் என்று இடைவெளி உள்ளதைக் கீழே ஜெராக்ஸ் கடையில் பெரிய தாளில் பிரின்ட் எடுத்தோம்.

அன்று செவ்வாய்க்கிழமை. குழந்தையும் என் இடுப்பில். ஈக்கள், கத்தி, வழுக்கும் தரை, ஐஸ் தண்ணீர் என்று நான் எல்லாவற்றுக்கும் பயந்துகொண்டே மார்க்கெட்டுக்குள் நடந்தேன். அவள் இறங்கிப் போய் நண்டைத் தொட வேண்டும் என்று திமிறிக்கொண்டிருந்தாள்.

அக்கா தாளை விரித்துப் பிடித்தார். நீங்கள் வேண்டாம் என்று சொன்னீர்கள், அதனால் இங்கே கோடு நின்றுவிடுகிறது, நடக்கிறவர்கள் ரோட்டுக்குப் போய் பஸ் ஏறி அடுத்த ஊரில் இறங்கித் திரும்பவும் நடப்பார்கள் என்று விரலால் காட்டினார். இது உங்களுக்குச் சரியா என்றார். கன்னியம்மா ஈரக் கையைப் பின்னால் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். பக்கத்து ஊர்ப் பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்தார். மேலே இருக்கிற ஊர், கீழே இருக்கிற ஊர். நடுவில் வெள்ளையாக இருந்த இடத்தில் அவர் பார்வை நின்றது.

"எங்க ஊரு எங்க?"

வழி போகிற ஊர்களின் பெயரை மட்டும்தான் போட்டிருந்தேன். மேப் போடுகிறவர்கள் அப்படித்தான் செய்வோம். அதை எப்படிச் சொல்வது என்று நான் தடுமாறினேன்.

"வழி வேணாம்னு சொன்னேன். ஊரே வேணாம்னா சொன்னேன்?" என்றார் கன்னியம்மா. இந்த முறை குரலில் கிண்டல் இல்லை. "நாளைக்கி அளக்க வர்றவன் இதப் பாத்தான்னா, இங்க ஊரே இல்லன்னுதானே சொல்லுவான்?"

அக்கா என்னைப் பார்த்தார். அவருக்கும் அது தோன்றியிருக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. பெயரைப் போடலாமா, எப்படி எழுத வேண்டும் என்று அவர்களிடமே கேட்டார். அந்தப் பெண்கள் ஆளுக்கு ஆள் சொன்னார்கள். குப்பம் என்று சேர்க்க வேண்டுமா வேண்டாமா என்று அவர்களுக்குள் சின்னச் சண்டைகூட வந்தது. சேர்த்துத்தான் போட வேண்டும் என்று முடிவாயிற்று.

அன்று பிற்பகலே மேப்பைத் திருத்தினேன். கோடு எதுவும் குறுக்கே போகாததால் அந்த இடத்தில் நிறைய வெள்ளை இருந்தது. பெயரைப் பெரிய எழுத்தில் போட முடிந்தது. அந்தக் கடலோரத்திலேயே பெரிதாகத் தெரிகிற ஊர் அதுவாகிவிட்டது. சாரிடம் கொண்டுபோய்க் காட்டி, மார்க்கெட்டில் நடந்ததைச் சொன்னேன். புள்ளிக்கோடு எங்கே என்று கேட்டார். போடவில்லை சார் என்றேன். ஏன் என்று விளக்க வரிசையாக ஆறேழு காரணங்கள் யோசித்து வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. ரொம்ப நேரம் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இதையே அச்சுக்குக் கொடுக்கச் சொன்னார். உதவி செய்கிறவர்களிடம் அவரே பேசிக்கொண்டார். அக்கா அந்த வேலையில் தொடர்ந்தார். இப்போது அவர் தெற்கே ரொம்ப தூரம் போய்விட்டார், மரக்காணத்துக்கும் அந்தப் பக்கம், இன்னும் ஒவ்வோர் ஊராகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான்தான் மகளைப் பள்ளியில் சேர்த்த வருடம் வேறு வேலைக்கு வந்துவிட்டேன்.

ஆனால் எனக்கு அவர் என்றதும் நினைவில் வருவது அச்சான மேப்பைக் கொடுக்கப் போன நாள்தான். கன்னியம்மா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். தன் ஊர்ப் பெயரைச் சத்தமாகப் படித்தார். பிறகு அதை நாலாக, எட்டாக மடித்து, சுருக்குப்பைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். அதில் ஆதார் அட்டையும் ரேஷன் அட்டையும் இருந்தன. அவற்றோடு மேப்பையும் செருகினார்.

இது அரசாங்க மேப் இல்லையே, இதை நம்பி எங்கேயாவது கொண்டுபோய்க் காட்டி அவமானப்பட்டுவிடப் போகிறார்களே. சொல்வதா வேண்டாமா என்று தவித்து, கடைசியில் சொல்லிவிட்டேன்.

"தெரியும்மா. கெவுருமென்ட்டு எப்ப எங்க பேர இவ்ளோ பெருசா போட்டுது?" என்றார் கன்னியம்மா. "எவனாச்சும் வந்து இது இன்னா பேப்பருன்னு கேட்டா, எழுதுனது நீதான்னு வந்து சொல்லுவியா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே மேப்பைத் திரும்பக் கேட்டு வாங்கி, அதன் ஓரத்தில் தன் போன் நம்பரை எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"உன் நம்பரையும் போடட்டுமா? வேணாம்னா வேணாம், என்னோடது இருக்கு."

கேட்டுவிட்டு, பேனாவை என் பக்கம் நீட்டாமல், மூடி வைக்காமல், முகத்தை மீன் கூடைகள் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் ஓடியது. பிரச்சினை என்று ஒன்று வந்தால் போலீஸ், கோர்ட் என்று ஆகுமோ, கணவர் என்ன சொல்வார், குழந்தையை யார் பார்ப்பார்கள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் சரி என்பார், அடுத்த நாளும் அதே முகத்தோடு எனக்கு டீ வாங்கித் தருவார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இதைச் செய், அதைப் பார்த்துக்கொள் என்று சொல்லித்தான் எல்லாம் என்னிடம் வந்திருக்கிறது. செய்தும் இருக்கிறேன். வேண்டாம் என்பதை இப்படிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யாரும் கேட்டு எனக்கு ஞாபகம் இல்லை.

அவர் கையிலிருந்து பேனாவை நானே வாங்கி எழுதினேன்.

கன்னியம்மா தன் போனை எடுத்து, தாளைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். என் பைக்குள் போன் அடித்தது. சரியான நம்பர்தான் என்று காட்ட அதை எடுத்து உயர்த்திப் பிடித்தேன். அவர் காதிலிருந்து போனை எடுக்கவில்லை.

"நம்பர் சரிதான், தெரியிது. கூப்புட்டா எடுப்பியான்னு பாக்கறேன். எடு."

எடுத்தேன். ஒரு முழ தூரத்தில், ஐஸ் உருகி ஓடுகிற தரைக்கு இரண்டு பக்கமும், நாங்கள் இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றோம்.

"சொல்லுங்கக்கா" என்றேன்.